நூறு மீட்டருக்குள் என் கக்கூஸ்

எங்கள் வீட்டு வாசலில் நின்றால் எதிரே ஒரு நீலப் பலகை தெரியும். அதில் வெள்ளை எழுத்தில் இருபத்திரண்டு வரி. இந்த இடத்தைச் சேதப்படுத்துகிறவர், அகற்றுகிறவர், உருமாற்றுகிறவர், கிறுக்குகிறவர் அத்தனை பேருக்கும் என்னென்ன தண்டனை என்று விலாவாரியாக எழுதியிருக்கிறது. பஸ் நிற்கிற இடத்துக்கே பலகை இல்லாத ஊர் எங்களுடையது. எங்கள் மலையில் இந்த வாழவந்தி நாடு முழுக்கத் தேடினாலும் இவ்வளவு கனமான இரும்புக் காலில் நிற்கிற பலகை கிடைக்காது. பக்கத்து வீட்டு வெள்ளாடுகள் தினமும் அதில்தான் முதுகைத் தேய்த்துக்கொள்கின்றன. ஆடுகளுக்கு இதுவரை கடிதம் வரவில்லை, எனக்குத்தான் வந்தது.

நான் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சோறாக்கியவள். புகையில் கண் பாதி போனதுதான் மிச்சம், வாய் போகவில்லை. கொஞ்சம் நீளம் என்றே ஊரில் சொல்வார்கள். அந்த வாயால்தான் இந்தப் பலகை வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டு குடையுதே குடையுதே என்று கத்தினால் யார் என்ன செய்ய முடியும்?

பலகைக்குப் பின்னால் ஒரு பலாமரம். அதன் அடியில் எங்கள் பிள்ளையார் இருந்தார். பிள்ளையார் என்றால் தும்பிக்கை, தொந்தி எதுவும் கிடையாது. உள்ளங்கை அளவில் கறுப்புக் கற்கள், வழவழவென்று, ஒரு முனை கூராக, மறுமுனை மழுங்கலாக. அவற்றின் குவியல்தான் சாமி. சாமைக்கு உழும்போதோ குச்சிக்கிழங்கு பிடுங்கும்போதோ மண்ணிலிருந்து அப்படி ஒரு கல் வந்தால் அதை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. கழுவி, மஞ்சள் தடவி, மரத்தடிக் குவியலோடு வைத்துவிட வேண்டும். வீட்டில் வைத்தால் சண்டை ஓயாது என்பார்கள். எங்கள் வீட்டில் கல் இல்லாமலே சண்டை ஓய்ந்ததில்லை, அது வேறு கதை. ஊரில் பொழுதுக்கும் மண்வெட்டி பிடிக்கிறவர்கள் எல்லாரும் ஆளுக்கு ஒன்றிரண்டு அங்கே வைத்திருக்கிறார்கள். நானும் வைத்திருக்கிறேன். அதை யாரும் சரித்திரம் என்று சொன்னதில்லை.

சில வருஷங்களுக்கு முன்பு ஒரு ஜீப் வந்தது. பழைய சின்னங்களைக் காப்பாற்றுகிற ஏதோ ஆபீஸாம். வந்தவர்களில் ஒருவர் இளவயசு, தடித்த கண்ணாடி, மரியாதையான பேச்சு. இந்தக் கதை முடியும் வரை அவர் வந்துகொண்டே இருப்பார், அதனால் கண்ணாடிக்காரர் என்றே வைத்துக்கொள்கிறேன்.

"இதெல்லாம் யாருங்க வெச்சது?" என்று கேட்டார்.

ஊர்க்காரர்கள் ஜீப்பைக் கண்டாலே வாயைத் தைத்துக்கொள்கிற ஆட்கள். நான் சும்மா இருப்பேனா? கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன்.

"நாங்கதானுங்க வெக்கிறோம். போன மாசங்கூட எங்க காட்டுல ஒண்ணு கெடச்சுது, நான்தான் கொண்டாந்து வெச்சேன்."

அவர் அந்தக் கல்லை இரண்டு கையாலும் தூக்கினார். பிறந்த குழந்தையைக்கூட எங்கள் ஊரில் யாரும் அப்படித் தூக்கியதில்லை. "அம்மா, இது இரும்பு கண்டுபிடிக்கிறதுக்கு முந்தி மனுசங்க மரம் வெட்டுன கோடாலிங்க" என்றார்.

"நானும் அதையேதானுங்க நெனச்சேன்" என்றேன். வாய் கூசாமல் பொய்.

போட்டோ எடுக்கலாமா என்று கேட்டார். "ஒரு நிமிசம் இருங்க சாமி" என்று வீட்டுக்கு ஓடி, கல்யாணத்துக்கு மட்டும் கட்டுகிற மாம்பழக் கலர் சேலையைக் கட்டிக்கொண்டு, நெற்றியில் குங்குமத்தைச் சரிசெய்துகொண்டு வந்து கல்லோடு நின்றேன். பேப்பரில் வந்தது. என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "உம்பட மூஞ்சியக் காட்டறதுக்குச் சாமியக் காட்டிக் குடுத்துட்டியே புள்ள" என்றார். பொறாமை என்று நினைத்தேன். நாற்பது வருஷத்தில் அந்த மனுஷன் சொன்ன ஒரே தீர்க்கதரிசனம் அதுதான். அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை.

அடுத்து பலாமரத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். இந்த இடத்தைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப் போகிறோம், ஆட்சேபணை இருந்தால் இத்தனை நாளுக்குள் எழுத வேண்டும் என்று. ஆட்சேபணையா? ரோடு வரும், லைட்டு வரும், டூரிஸ்ட்டு வருவான், மிளகை வீட்டு வாசலிலேயே விற்கலாம் என்று ஊரே கனாக் கண்டது. இரண்டாம் நாள் நோட்டீஸை ஆடு தின்றுவிட்டது. அறிவிப்பு வந்து நீலப் பலகை நட்ட அன்றைக்கு நான் சத்துணவுக் கூடத்து அண்டாவை இரவல் வாங்கி ஊருக்கே கேசரி கிண்டினேன். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். முந்திரி போட்டு, நெய் விட்டுப் போட்டுக்கொண்டவள் நான் ஒருத்திதான்.

அந்த வருஷம் ஐப்பசி மழையில் விழுந்தேன்.

எங்கள் பழைய கக்கூஸ் வீட்டுக்குப் பின்னால், காப்பிச் செடிகளுக்கு நடுவே, மண்படி இருபது இறங்கினால் வரும். குந்துகிற கக்கூஸ். விடியற்காலையில் மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. நாலாவது படியில் வழுக்கி, பத்தொன்பதாவது படியில் போய் நின்றேன். இடுப்பெலும்பு போயிற்று. கட்டிலோடு கட்டித் தூக்கி, வேனில் ஏற்றினார்கள். எழுபது கொண்டை ஊசி வளைவையும் எண்ணிக்கொண்டே நாமக்கல் போய்ச் சேர்ந்தேன். பிளேட் வைத்தார்கள். அனுப்பும்போது டாக்டர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "கீழ குந்தவே கூடாதுங்கம்மா. படி எறங்கவும் கூடாது. மறுக்கா முறிஞ்சா ஒட்டாது. ஊட்டோட ஒட்டுனாப்புல வெஸ்டர்ன் டாய்லெட் கட்டிக்கங்க."

கட்டிக்கொள்வதற்கு என்ன கஷ்டம்? சமையலறைக்குப் பின்னால் ஆறடிக்கு ஐந்தடி இடம் கிடந்தது. என் வீட்டுக்காரர் நாமக்கல்லிலிருந்து கமோடை பஸ்ஸிலேயே கொண்டுவந்தார். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போட்டிருக்கிறார். மேலே கேரியரில் போட்டால் உடைந்துவிடும் என்று எழுபது வளைவும் மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டே வந்தாராம். என்னை ஒரு வளைவுக்குக்கூட அப்படிப் பிடித்ததில்லை. மேஸ்திரி வந்து நூல் பிடித்து அஸ்திவாரம் தோண்ட ஆரம்பித்தார். மூன்றாம் நாள் ஜீப் வந்தது.

கண்ணாடிக்காரர் இறங்கி முதலில் என் இடுப்பைத்தான் விசாரித்தார். நல்ல பிள்ளை, குறை சொல்ல முடியாது. அப்புறம் பையிலிருந்து டேப்பை எடுத்தார். ஒரு முனையைப் பலாமரத்தடியில் ஒருவர் பிடிக்க, மறுமுனையை இழுத்துக்கொண்டு இவர் எங்கள் வாசல், கூடம், சமையலறை எல்லாம் தாண்டி அஸ்திவாரக் குழிக்கு வந்தார். எழுபத்திரண்டு மீட்டர்.

"அம்மா, சின்னத்தைச் சுத்தி நூறு மீட்டருக்கு எதுவும் கட்டக் கூடாதுங்க. தோண்டவும் கூடாது" என்றார்.

"நான் என்ன மாளிகையா கட்டறேன்? கக்கூஸுங்க."

"எதுவுமேன்னா எதுவுமேதானுங்க. ரூல் நான் போட்டதில்லீங்க."

என் வீட்டுக்காரர் உள்ளே கூப்பிட்டு, "உக்காருங்க சாமி, தண்ணி குடிங்க" என்றார். கூடத்தில் கமோடின் மேல் தூசி படாமல் போர்வை போர்த்தி வைத்திருந்தோம். கண்ணாடிக்காரர் அதை ஸ்டூல் என்று நினைத்து உட்கார்ந்துவிட்டார். தண்ணீரைக் குடித்து முடித்தபின்தான் அடியில் என்னவோ குழிகிறது என்று போர்வையைத் தூக்கிப் பார்த்தார். முகம் சிவந்துபோய் எழுந்து நின்றார். அந்தக் கமோடில் இன்றுவரை உட்கார்ந்த ஒரே ஆள் அவர்தான்.

"ரிப்பேர் பண்ணலாங்க. புதுசாக் கட்டத்தான் கூடாது" என்றார், ஆறுதலுக்கு.

"அப்ப கக்கூஸ் ரிப்பேருன்னு எழுதிக்கலாமுங்களா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"அங்க கக்கூஸ் இருந்தாத்தானுங்களே ரிப்பேரு?"

இந்த இடத்தில் கக்கூஸ் இல்லை என்பதால்தான் கட்டுகிறோம், இருந்திருந்தால் நாங்கள் ஏன் கட்டுகிறோம் என்று நான் கேட்டேன். அதற்கு ஒரு விண்ணப்பம் இருக்கிறது, விதிவிலக்குக் கேட்கலாம் என்றார். மேஸ்திரி கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். குழியில் மழைத்தண்ணீர் நின்றது, தவளை வந்தது.

இங்கே நான் சிரிக்காமல் ஒன்றைச் சொல்ல வேண்டும். படி இறங்கக் கூடாது, குந்தக் கூடாது, கட்டவும் கூடாது என்றால் ஒரு மனுஷி என்னதான் செய்வாள்? என் வீட்டுக்காரர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவில் வட்டமாக ஓட்டை போட்டார். அடியில் பக்கெட். சமையலறை மூலையில் சேலையைத் தட்டியாகக் கட்டினோம். நாலடி தள்ளி சாம்பார் கொதிக்கும். தினமும் காலையில் அவர் அந்தப் பக்கெட்டை எடுத்துக்கொண்டு இருபது படி இறங்குவார். காப்பி குடித்த டம்ளரைக்கூட எடுத்து வைத்தறியாத மனுஷன். ஒரு வார்த்தை முகம் சுளித்துச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை, பதிலுக்குச் சண்டையாவது போட்டிருப்பேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு பக்கெட்டோடு போவதைப் பார்க்கும்போது எனக்குச் செத்துவிடலாம் போல இருக்கும். சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினேன். பாதிச் சோறுதான் தின்றேன். முந்நூறு பிள்ளைகளுக்கு வயிறு நிறையப் போட்டவள், பக்கெட்டின் கனத்தை நினைத்து என் வயிற்றைக் காயப்போட்டேன்.

விண்ணப்பம் வந்தது. ஏழு பக்கம். இடத்தின் வரைபடம் இன்ஜினியர் கையெழுத்தோடு. கட்டடமும் சின்னமும் ஒரே படத்தில் தெரிகிற மாதிரி கலர் போட்டோ. கட்டாத கட்டடத்தை எப்படிப் போட்டோ எடுப்பது? என் வீட்டுக்காரர் கமோடைத் தூக்கிக் குழிக்கு முன்னால் வைத்து, கூரைக்கு மேலே பலாமரத்து உச்சி மட்டும் தெரிய ஒரு படம் எடுத்தார். "கட்டுமானத்தால் சின்னத்தின் தோற்றப் பொலிவு பாதிக்கப்படுமா?" என்று ஒரு கேள்வி. சின்னத்துக்கும் என் கக்கூஸுக்கும் நடுவில் என் வீடே நிற்கிறது, பிள்ளையார் எட்டிப் பார்த்தாலும் தெரியாது என்று எழுதினேன். இந்தப் பதிலைத் திருத்தி எழுதும்படி திருப்பி அனுப்பினார்கள். திருத்தி எழுதினோம். அப்புறம் மாதக்கணக்கில் சத்தமே இல்லை.

ஊருக்கு இது பொறுக்கவில்லை. எங்கள் ஊர்க்கவுண்டர், அதாவது ஊருக்குப் பெரிய மனுஷர், ஒரு நாள் சாவடியில் எல்லாரையும் கூட்டினார். என்னையும் நாற்காலியோடு தூக்கிக்கொண்டுபோய் உட்காரவைத்தார்கள், ஓட்டை இல்லாத நாற்காலி.

"ஆபீஸ் பேப்பருல சர்வே நம்பர் போட்டிருக்குது. அந்த நம்பருல சாமி இருக்கறதாலதான் ரூலு. சாமி வேற நம்பருக்குப் போயிருச்சுன்னா?" என்றார்.

அதற்கும் அவரே வழி சொன்னார்.

"சாமிகிட்டயே கேட்டுப் போடலாம். அம்மணி படற பாடு அதுக்குத் தெரியாமயா இருக்கும்?"

எங்கள் மலையில் இது புதுசில்லை. எந்தக் காரியமானாலும் சாமியிடம் பூக் கேட்போம். கல்லை நனைத்து அதன்மேல் ஒரு பூவை ஒட்டவைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். வலப்பக்கம் விழுந்தால் சரி, இடப்பக்கம் விழுந்தால் வேண்டாம். செவ்வாய்க்கிழமை காலையில் கேட்டார்கள். ஒட்டிய கை எடுப்பதற்குள் பூ வலப்பக்கம் விழுந்தது. குலவைச் சத்தம் என் வீட்டுக்குள் வரைக்கும் கேட்டது.

வெள்ளிக்கிழமை பிள்ளையார் வீடு மாறினார். பொம்பளைகள் எல்லாரும் தலைக்குக் குளித்து, கூடையில் வாழையிலை விரித்து, கற்களை ஒவ்வொன்றாக அடுக்கிச் சுமந்தார்கள். முன்னால் மேளம். என் வீட்டிலிருந்து டேப் பிடித்துப் பார்த்து, நூற்று முப்பது மீட்டருக்கு அப்பால், ஊற்றுப் பக்கத்து மேட்டில் புது மேடை போட்டு வைத்தார்கள். பொங்கல் வைத்தார்கள். நான் வாசலில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தேன். எனக்காக ஒரு சாமி இடம் மாறுகிறது, எனக்காக ஊரே கூடை சுமக்கிறது. நான் அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இதோடு நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்போம். எங்கள் ஊர்க்காரர்களிடம் ஒரு வியாதி உண்டு, எதையும் மறைத்துச் செய்யத் தெரியாது. சாமி காரியத்தைத் திருட்டுத்தனமாகச் செய்தால் குற்றம் என்று, ஆபீஸுக்கே ஒரு கடிதம் எழுதினார்கள். "ஐயா, தாங்கள் பாதுகாத்து வரும் சின்னத்தை அதன் சம்மதத்துடன் வேறு இடத்துக்கு மாற்றிவிட்டோம். பழைய இடத்துக்கு இனி ரூல் தேவையில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்." ஊரே கையெழுத்துப் போட்டு, கூடை ஊர்வலத்தின் போட்டோவையும் இணைத்து, ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினார்கள். குற்றத்தையும் செய்து, சாட்சியத்தையும் சேர்த்து, அக்னாலெட்ஜ்மென்ட் அட்டையும் வைத்து அனுப்பிய ஊர் உலகத்தில் வேறு இருக்குமா என்று தெரியவில்லை.

மூன்று ஜீப் வந்தது. கண்ணாடிக்காரர் முகத்தில் ரத்தமில்லை. அவருடைய மேலதிகாரி பலாமரத்தடியில் நின்று, வெறும் தரையைப் பார்த்துக்கொண்டு கத்தினார். "சாமி சம்மதிச்சா போதுமா? நாங்க சம்மதிக்க வேணாமா?" சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். எங்கள் பூசாரி கொடுத்துவிட்டார், இது அதற்கும் மேலே ஒரு பூசாரி.

கேஸ் போடவில்லை. அறியாமல் செய்தது என்று மன்னித்தார்கள். ஆனால் கற்கள் காலங்காலமாக இருந்த இடம் என்பதால் பலாமரத்தடி சின்னம்தான். கற்கள் இப்போது இருக்கிற இடம் என்பதால் ஊற்று மேடும் சின்னம்தான். இரண்டு இடத்துக்கும் தலா நூறு மீட்டர், இனி யாரும் ஒரு கல்லையும் தொடக் கூடாது. ஊற்று மேட்டைச் சுற்றிப் பன்னிரண்டு வீடு. நாங்கள் டேப்பை என் வீட்டுப் பக்கம் மட்டும்தான் பிடித்தோம், மறுபக்கம் பிடித்துப் பார்க்கிற புத்தி ஒருத்தருக்கும் வரவில்லை. மகன் கல்யாணத்துக்காக ஊர்க்கவுண்டர் மாடியில் எழுப்ப ஆரம்பித்த அறை கம்பியோடு நின்றது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை என்று சொல்வார்களே, பிள்ளையாரை வைத்துக்கொண்டே அதை நடத்திக் காட்டினோம்.

திரும்பவும் பழைய இடத்துக்கே போகிறாயா என்று சாமியிடம் ரகசியமாகப் பூக் கேட்டார்கள். பூ வலப்பக்கமும் விழவில்லை, இடப்பக்கமும் விழவில்லை. காய்ந்து அப்படியே கல்லில் ஒட்டிக்கொண்டது. சாமியும் ஆபீஸ் பழக்கத்தைக் கற்றுக்கொண்டுவிட்டது என்றேன். யாரும் சிரிக்கவில்லை. கூடை சுமந்த பொம்பளைகள் அதற்கப்புறம் என் வாசல் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். குழாயடியில் ஒருத்தி, என் காதில் விழட்டும் என்றே, "ஒருத்தி கக்கூஸுக்குப் போறதுக்கு ஊரே நாறுது" என்றாள். இடுப்பு முறிந்தபோதுகூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை.

அடுத்த கோடையில் ஒரு ஜேசிபி வந்தது. நேராகப் பலாமரத்தடிக்குப் போய்த் தோண்ட ஆரம்பித்தது. வாக்கரைத் தள்ளிக்கொண்டு போய்க் கேட்டேன்.

"என்னங்க, நூறு மீட்டருக்குள்ள தோண்டறீங்க?"

"டூரிஸ்ட்டுக்கு வசதி பண்ணித் தரணும்னு ஆர்டருங்க" என்றார் கான்ட்ராக்டர்.

"என்ன வசதிங்க?"

"கக்கூஸுங்க."

அங்கேயே அவர் இறக்கி வைத்திருந்த சிமெண்டு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு மாதத்தில் கட்டி முடித்தார்கள். சொல்லக் கூடாது, அருமையான கக்கூஸ். வெஸ்டர்ன் கமோடு, பிடித்துக்கொள்ள ஸ்டீல் கம்பி, முடியாதவர்கள் வர வழுக்காத சாய்வுப் பாதை. பாதை என் வாசலுக்குப் பக்கத்திலிருந்தே தொடங்கியது. என் டாக்டர் படம் வரைந்து கொடுத்திருந்தால்கூட இப்படி வந்திருக்காது. ஒரு பூட்டும் போட்டார்கள். கற்கள் ஊற்று மேட்டுக்குப் போய்விட்டனவே, கக்கூஸை மட்டும் ஏன் இங்கே கட்டினீர்கள் என்று கண்ணாடிக்காரரைக் கேட்டேன். பழைய சர்வே நம்பருக்குத்தான் ஆர்டர் வந்தது என்றார். சாவி ஒரு வாட்ச்மேனிடம். அடிவாரத்து ஆள், காலை முதல் பஸ்ஸில் வருவார், சாயங்காலம் பஸ்ஸில் போவார். பலாமரத்தடியில் நாற்காலி போட்டுக்கொண்டு, அங்கே இல்லாத சாமியைக் காவல் காத்தார். டூரிஸ்ட்டுகள் எல்லாரும் அருவிக்குப் போனார்கள், இங்கே ஈ, காக்கை வரவில்லை.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு வாட்ச்மேனிடம் போனேன்.

"சாமி, சாவியச் சித்தக் குடு."

"பார்வையாளருக்கு மட்டும்னு போட்டிருக்குதுங்க அம்மா." அவருக்கே சொல்லக் கூச்சமாக இருந்தது. தலையைச் சொறிந்தார். பிறகு, "நீங்க பாக்கறதுக்கு வந்தீங்கன்னா குடுக்கலாமுங்க" என்றார்.

"பாக்கறதுக்குத்தான் வந்தேன்."

ஒரு பெரிய பதிவேட்டைத் திருப்பி வைத்தார். பெயர், ஊர், வந்த நோக்கம், கருத்து, கையெழுத்து. ஊர் என்ற இடத்தில் எதிர் வீடு என்று எழுதினேன். நோக்கம் என்ற இடத்தில் கக்கூஸுக்கு என்று எழுதப் போனேன், அவர் பேனாவைப் பிடித்துக்கொண்டார். "அப்பிடி எழுதுனா எம்பட வேலை போயிருங்க. ரெண்டு பொட்டப் புள்ளைங்க இருக்குதுங்க. பார்வையிடன்னு எழுதுங்க." எழுதினேன். கருத்து என்ற இடத்தில் மிக நன்று என்று எழுதினேன். போய்விட்டு வந்த பிறகு எழுதியிருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன்.

அன்றைக்கு ஒன்றரை வருஷத்துக்கு அப்புறம் வயிறு நிறையத் தின்றேன். என் வீட்டுக்காரர் அந்தப் பக்கெட்டைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் உட்கார்ந்து பீடி குடித்தார். இரண்டு பேரும் சிரித்தோம்.

பத்து மணிக்குத் திறப்பார்கள், ஐந்து மணிக்குப் பூட்டுவார்கள், திங்கட்கிழமை விடுமுறை. அறுபது வயசு வயிற்றை ஆபீஸ் நேரத்துக்குப் பழக்கினேன். திங்கட்கிழமை மட்டும் பழைய நாற்காலியும் பக்கெட்டும். மற்ற நாளெல்லாம் பத்து மணிக்கு மாற்றுச் சேலை கட்டிக்கொண்டு வாக்கரோடு கிளம்பினால், ஊர்ப் பொம்பளைகள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். போகட்டும். எனக்குப் பெயர், ஊர், நோக்கம், கருத்து, கையெழுத்து. பக்கம் பக்கமாக என் கையெழுத்துதான். நடுநடுவே வழி தப்பி மோட்டார் பைக்கில் வந்த இரண்டு மூன்று பேர்.

இப்படியே ஒரு வருஷம் போனது. போன மாதம் கண்ணாடிக்காரர் வந்தார். பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். செல்போனில் பக்கங்களைப் படம் பிடித்துக்கொண்டு போனார். எனக்கு ஒரு நம்பிக்கை பிறந்தது. இத்தனை நாள் ஒரு கிழவி கையெழுத்துப் போட்டுக் கக்கூஸுக்குப் போகிறாள் என்று பார்த்தால் எந்தக் கல்நெஞ்சுக்கும் இரக்கம் வரத்தானே செய்யும்?

போன திங்கட்கிழமை கடிதம் வந்தது. என் விதிவிலக்கு விண்ணப்பத்துக்குப் பதில். ஊற்று மேட்டில் விதிவிலக்குக் கேட்டிருந்த ஊர்க்கவுண்டருக்கும் மற்ற பதினோரு வீட்டுக்கும் அதே கடிதம்தான். என் வீட்டுக்காரர் பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து உரக்கப் படித்தார்.

"மேற்படி சின்னத்தைப் பொதுமக்கள் நாள்தோறும் ஆர்வத்துடன் பார்வையிட்டு, மிக நன்று எனக் கருத்துத் தெரிவித்து வருவது பார்வையாளர் பதிவேட்டின் மூலம் தெளிவாகிறது. இத்தகைய பொதுமக்கள் ஆர்வத்தைக் கருத்தில் கொண்டு, சுற்றுப்புறக் கட்டுப்பாடுகளில் தளர்வு எதுவும் அளிக்க இயலாது."

அவர் இன்னொரு முறை படித்தார். போதும் என்றேன். பன்னிரண்டு வீட்டுச் சுவரையும் நான் ஒருத்தி கையெழுத்துப் போட்டே நிறுத்தி வைத்திருக்கிறேன். அவர்களும் இதையேதான் படித்திருப்பார்கள், இனி குழாயடியில் என்ன பேசுவார்கள் என்று நினைக்கவே பயமாக இருந்தது. இனி அந்தப் பக்கம் காலெடுத்து வைப்பதில்லை, செத்தாலும் நாற்காலியும் பக்கெட்டுமே போதும் என்று சத்தியம் பண்ணினேன். அவர் பக்கெட்டை எடுத்துக்கொண்டு படி இறங்கினார். மழை பெய்து படியெல்லாம் பாசி. நாலாவது படியில் அவர் கால் சறுக்கி, காப்பிச் செடியைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பின்வாசல் படியிலிருந்து பார்த்தேன்.

மறுநாள் பத்து மணிக்கு மாற்றுச் சேலை கட்டிக்கொண்டு போனேன். வாட்ச்மேன் பதிவேட்டைத் திருப்பி வைத்தார். வந்த நோக்கம் என்ற இடத்தில் பேனா கொஞ்ச நேரம் நின்றது. உண்மையை எழுதினால் அவர் வேலை போகும், சாவியும் போகும். பார்வையிட என்று எழுதினேன். மிக நன்று என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டேன்.